சுரைக்காய் தாங்கிய இறக்கை

அரசாங்க ஜீப் என் கடை வாசலில் வந்து நின்றபோது, பெரிய இடத்துப் பிரியாணி ஆர்டர் என்று நினைத்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். பாகூர் கடைத்தெருவில் பிராய்லர் கடை வைத்திருப்பவளைத் தேடி அரசாங்கம் வேறு எதற்கு வரும்? இறங்கி வந்தவர் ஸ்டூலில் உட்காரவில்லை. கூண்டுக்குள் இருந்த கோழிகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார், பெண் பார்க்க வந்தவர் மாதிரி. அவர் பெயர் குழந்தைவேல், அலுவலகக் கண்காணிப்பாளராம்.

"எத்தினி பேருக்கு சார் சமைக்கறீங்க?" என்றேன்.

"சமைக்கறதுக்கு இல்லம்மா. பீரங்கியில வச்சு அடிக்கறதுக்கு."

"இன்னாது?"

"காத்துப் பீரங்கிம்மா. ஏரோப்ளேன் இறக்கை மேல கோழிய அடிச்சுப் பார்க்கணும். தாங்குதா, இல்லியான்னு."

மாதாவே என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டேன். பிறகு அவர் பொறுமையாகச் சொன்னார். சோரியாங்குப்பம் போகிற வழியில், கரும்பு போட்டிருந்த நிலத்தில் ஒரு வருஷமாகக் கட்டிக்கொண்டிருந்தார்களே ஒரு வெள்ளைக் கட்டடம், அதுதான் தேசியப் பறவை மோதல் தாங்குதிறன் ஆய்வு நிறுவனம். பெயர்ப்பலகையைப் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும் என்பதால் ஊரில் அதற்குக் கோழி ஆபீஸ் என்று பெயர். வானத்தில் பறக்கிற விமானத்தின் மேல் பறவை வந்து மோதும். மோதினால் இறக்கை தாங்க வேண்டும். தாங்குமா என்று தரையிலேயே தெரிந்துகொள்ள, அப்போதுதான் அறுத்த, இறகு பிடுங்காத, ஒரு கிலோ எண்ணூறு கிராம் கோழியை நீளக் குழாயில் வைத்து, காற்றை அழுத்தி, விமானம் போகிற வேகத்தில் இறக்கை மேல் எறிந்து பார்ப்பார்கள். உலகம் முழுக்க அப்படித்தானாம்.

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. விடிகாலையில் பாகூர் ஏரியிலிருந்து கொக்கும் நாரையும் கிளம்புகிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, அதற்குள் ஒரு விமானம் நுழைந்தால் என்ன ஆகும் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்த வேலையை நான் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன். அந்த வேலையைச் செய்யாமல் இருப்பதற்கு அவர்கள் செய்த வேலைகள் இருக்கின்றனவே, எனக்கு ஆத்திரம் அதில்தான்.

இதில் என் பெண் சுவேதா எங்கே வருகிறாள் என்று சொல்லிவிடுகிறேன். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே கோழி வாசனை ஆகாது. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஒருநாள் மூக்கைப் பிடித்துக்கொண்டாளாம். அன்றிலிருந்து கடைப்பக்கம் எட்டிப் பார்க்க மாட்டாள், நான் கையைக் கழுவிவிட்டு வந்து தொட்டாலும் ஒதுங்குவாள். பன்னிரண்டாவது முடித்ததும் மூலக்குளத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் நடந்த விமானப் பணிப்பெண் பயிற்சியில் சேர்ந்தாள். சிரிப்பது எப்படி, நிற்பது எப்படி, தட்டை நீட்டுவது எப்படி என்று படித்தாள். லாஸ்பேட்டையிலிருந்து கிளம்பப்போகிற புதுக் கம்பெனியின் சின்ன விமானத்தில் அவளை எடுத்துக்கொண்டார்கள். கோழியிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம், நேராக வானத்துக்கே போகிறேன் என்றாள்.

அந்த விமானத்தின் இறக்கைதான் கோழி ஆபீசில் சோதனைக்கு வந்திருந்தது. விமானம் ஏரிக்கு மேல்தான் திரும்பி இறங்குமாம். குழந்தைவேல் இதைச் சொன்னபோது, நான் கூண்டிலேயே நல்ல கோழியாகப் பார்த்து எடுத்துத் தனியாக விட்டேன். இருக்கிறதிலேயே கெட்டியான கோழி. என் பெண் நிற்கப்போகிற இடத்தைத் தட்டிப் பார்க்கிற கோழி அல்லவா?

ஆடி மாசம் எதையும் தொடங்கக் கூடாது என்று ஒரு மாசம் போயிற்று. ஆவணியில் முதல் சோதனை. பீரங்கிக்குச் சந்தனம், குங்குமம், மாலை. சக்கரமே இல்லாத பீரங்கிக்கு அடியில் எலுமிச்சம்பழம். இயக்குநர் முனைவர் ராஜ்மோகன் பட்டு வேட்டியில் வந்து, "இன்று பாரதம் பறவைக்குப் பதில் சொல்கிறது," என்று பேசினார். பீரங்கி ஓட்டுகிற பாக்யராஜ், நம் ஊர்ப் பையன்தான், பொத்தானை அமுக்கினான். இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். என் கோழி இறக்கையின் முன் விளிம்பைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய், உள்ளே இருந்த தாங்கு கம்பியையும் வளைத்துவிட்டு, பின்பக்கமாக எட்டிப் பார்த்தது.

ராஜ்மோகன் சார் மெதுவாகத் திரும்பினார்.

"அமுக்கறதுக்கு முன்னாடி யார் தும்மினது?"

பாக்யராஜ் தும்மியிருந்தான். இறகு மூக்கில் ஏறினால் தும்மாமல் என்ன செய்வான்? ஒரு விசாரணைக் குழு உட்கார்ந்தது. இறக்கையை யாரும் பார்க்கவில்லை, பாக்யராஜின் மூக்கைப் பார்த்தார்கள். தும்மல் காரணமாகச் சோதனை செல்லாது என்று முடிவானது. அவனுக்கு முகக்கவசம் கொடுத்தார்கள். கிழிந்த இறக்கைக்குப் பதில் கம்பெனி வேறொரு இறக்கையை அனுப்பியது. அதே அச்சு, அதே தகடு, பெயின்ட் மட்டும் புதுசு.

அடுத்த சோதனைக்குள் புரட்டாசி பிறந்துவிட்டது.

பறவை வழங்குநர் என்ற முறையில் என்னையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். ஏசி அறை, முந்திரி பிஸ்கட், எல்லாம் குறையில்லாமல் இருந்தது. ராஜ்மோகன் சார் நெற்றி நிறைய நாமத்தோடு எழுந்து நின்றார்.

"புரட்டாசியில் இந்த வளாகத்தில் அசைவம் பறக்காது," என்றார். "அறிவியல் முக்கியம். ஆனால் அறிவியலுக்காக நாம் பெருமாளைப் பகைத்துக்கொள்ள முடியாது. பெருமாளுக்கு வாகனமே பறவை. கருடன். யோசித்துப் பாருங்கள், நாளைக்கு அவர் நம்மிடம் விளக்கம் கேட்டால் நான் எந்த ஃபைலைக் காட்டுவேன்?"

எல்லாரும் தலையாட்டினார்கள். சோதனையைத் தள்ளிவைப்பார்கள் என்று நினைத்தேன். தள்ளிவைத்தால் தாமதம் என்று டெல்லியில் கேட்பார்களாம். அதனால் சோதனையும் நடக்க வேண்டும், கோழியும் கூடாது. சைவப் பறவை ஒன்று தேவை.

"சுரைக்காய் சார்," என்றார் குழந்தைவேல். "கழுத்து இருக்குது, உடம்பு இருக்குது, உள்ள ஈரமா இருக்குது. பாதி பறவைதான் சார் அது."

"மீதிப் பாதி?"

"இறகை ஒட்டிக்கலாம் சார். உதிர்ந்த இறகு. அது அசைவத்துல வராது."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "சார், சுரைக்காய் எங்க சார் பறக்குது?" என்று கேட்டுவிட்டேன்.

ராஜ்மோகன் சார் என்னைப் பரிவாகப் பார்த்தார். "அம்மா, செத்த கோழி மட்டும் பறக்குதா? நாமதான பறக்க வைக்கறோம்? கோழியைப் பறக்க வைத்த பீரங்கிக்குச் சுரைக்காய் பெரிய காரியமா?"

பிஸ்கட்டைத் தின்றுவிட்டு வந்தேன். அவ்வளவு படித்தவர் சொல்கிறார், அதில் ஏதாவது இருக்கும் என்று அன்றைக்கு நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல?

முதல் சுரைக்காய் கொஞ்சம் முற்றல். இறக்கை நசுங்கியது. அதனால் பிஞ்சாக வாங்கினார்கள். அதற்கும் கீறல் விழுந்தது. அதனால் வேக வைத்தார்கள். முழுசாக வெந்தால் குழாயில் ஒட்டிக்கொள்கிறது என்று சாம்பாருக்கு நறுக்குகிற மாதிரி நறுக்கி, துண்டுகளை, குழாய்க்குள் வைத்துத் தள்ளுகிற நுரைக் கிண்ணத்தில் அடுக்கினார்கள். மொத்த எடை ஒரு கிலோ எண்ணூறு வந்தால் போதும், எத்தனை துண்டு என்று விதியில் எங்கேயும் சொல்லவில்லை என்றார் குழந்தைவேல். கடைசியாக, காய்கறிக்கு அவ்வளவு வேகம் ஆகாது என்று காற்றழுத்தத்தையும் குறைத்தார்கள். வெந்த சுரைக்காய்த் துண்டுகள் இறக்கை மேல் போய் உட்கார்ந்தன. துணியால் துடைத்ததும் இறக்கை பளிச்சென்று இருந்தது. எல்லாருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள்.

இதற்கு நடுவில் என் கோழிகளையும் அவர்கள் விடவில்லை. எந்த நேரமும் நல்ல நாள் வரலாம் என்பதால், சரியான எடையில் சில கோழிகள் வளாகத்திலேயே உயிரோடு இருக்க வேண்டும் என்று வாங்கி வைத்திருந்தார்கள். பிராய்லர் கோழி சும்மா இருக்குமா? வளர்ந்தது. ஒரு நாள் எனக்கு ஒரு மெமோ வந்தது. தங்களால் வழங்கப்பட்ட பறவைகள் முன் அனுமதியின்றி எடை கூடி வருகின்றன, தடுத்து நிறுத்தவும். நான் போய்ப் பார்த்தபோது கோழிகளுக்குக் கஞ்சித் தண்ணீர் மட்டும் வைத்திருந்தார்கள். கேட்டால், புரட்டாசி சனிக்கிழமையில் கோழிகளுக்கும் ஒருபொழுதாம். அறுக்கிறவள்தான் நான், ஆனால் என் கடையில் எந்தக் கோழியும் பசியோடு செத்ததில்லை. எல்லாவற்றையும் பிடித்து வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

அப்படி ஏற்றிக்கொண்டிருந்தபோதுதான் பிரியதர்ஷினி வந்தாள். கம்ப்யூட்டரில் மோதல் கணக்குப் போடுகிற பெண், சின்ன வயசு, வில்லியனூர்ப் பக்கம். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"இன்னா பாப்பா, அழுதியா?"

"அக்கா, உள்ள வந்து பாருங்கக்கா."

அவள் அறையில் பெரிய திரையில் இறக்கை தெரிந்தது. அதற்கு எதிரே மாத்திரை மாதிரி உருண்டையாக ஒன்று மிதந்தது. தலையும் இல்லை, காலும் இல்லை. அதுதான் கம்ப்யூட்டரில் கோழியாம். அந்த வேகத்தில் மோதும்போது கோழி தண்ணீர் மாதிரிச் சிதறும் என்பதால் அப்படித்தான் வரைவார்களாம்.

"இந்த ஃபைலுக்குக் கோழின்னு பேர் வச்சிருந்தேன். புரட்டாசியில கம்ப்யூட்டர்லயும் கோழியக் கொல்லக் கூடாதுன்னு சார் பேர மாத்தச் சொன்னாரு. சுரைக்காய்னு மாத்தினேன். அப்புறம் உள்ள இருக்கற கணக்கையும் மாத்தச் சொன்னாரு."

"மாத்துனா இன்னா ஆவும்?"

அவள் இரண்டு முறை ஓட்டிக் காட்டினாள். முதலில் கோழி. திரையில் இறக்கை கிழிந்து, சிவப்பாகி, வாயைப் பிளந்தது. ஆவணியில் என் கண்ணால் பார்த்த அதே கிழிசல், அதே இடத்தில். அடுத்தது சுரைக்காய். இறக்கை பச்சையாகவே இருந்தது.

"ஆவணிக்கு முன்னாடியே நான் சொன்னேங்க்கா. முன் தகடு மெல்லிசு. கோழியப் போட்டா எத்தனை தடவ போட்டாலும் கிழியுது. மாத்தணும்னா கம்பெனி முதல்லேர்ந்து செய்யணும், ரெண்டு வருஷம் ஆகும். அதுக்குள்ள சாருக்கு ரிட்டயர்மென்ட்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்கள் விரதம் இருக்கவில்லை. விரதத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறார்கள்.

ஐப்பசியில் கந்த சஷ்டி. கார்த்திகை முதல் தேதி ராஜ்மோகன் சார் மாலை போட்டுக் கறுப்பு உடுத்தினார். அலுவலகமே அவரைச் சாமி என்று கூப்பிட்டது, ஃபைலிலும் சாமி உத்தரவுப்படி என்று எழுதினார்கள். ஒவ்வொரு விழாவுக்கும் ஒரு சுரைக்காய் போயிற்று, ஒவ்வொன்றையும் இறக்கை தாங்கிற்று. பாக்யராஜைக் கேட்டேன்.

"டேய், நீயாவது சொல்லக் கூடாது? நம்மாளு நீ."

"நானும் தவக்காலம்னு சொல்லிட்டேன்க்கா."

"அது மாசியில வருதுடா!"

"இப்பவே மனச தயார் பண்ணிக்கினு இருக்கேன்."

"நான் பெரிய வெள்ளிக்கி முந்தின நாளு வரைக்கும் கோழி அறுக்கறவடா. என்கிட்டயே வந்து தவக்காலம் பேசறியா? பயந்தாங்கொள்ளி!" என்று நடு ரோட்டிலேயே திட்டினேன். அவன் முகக்கவசத்தை மேலே இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

பிறகு குழந்தைவேல் ஒரு நாள் இனிப்போடு வந்தார். பறப்பதற்கு அனுமதி தருகிற விழா கார்த்திகை கடைசியில் நடக்கிறது. டெல்லியிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார். அவர் முன்னால் ஒரு கடைசி மோதல், அலங்காரத்துக்கு. அதற்கு முன்னால், விதிப்படி, பறவை கொடுத்தவர் மேடையேறித் தன் வாயால் இரண்டே வாக்கியம் சொல்ல வேண்டும். நான் கொடுத்த கோழி மோதியது. இறக்கை தாங்கியது.

"எங்க சார் கோழி மோதிச்சு?"

"ஆவணியில மோதிச்சுல்ல?"

"அப்ப கிழிஞ்சிதே."

"தாங்கினது புரட்டாசியிலம்மா. கோழி மோதினது உண்மை, இறக்கை தாங்கினதும் உண்மை. ரெண்டு உண்மைய அடுத்தடுத்துச் சொல்றதுல இன்னா தப்பு?" இதைச் சொல்லிவிட்டு அவரே ஒரு லட்டை எடுத்துத் தின்றார். "உங்க பொண்ணு வேலை இதுலதான்மா இருக்குது. யோசிங்க."

வீட்டில் சுவேதா புதுச் சீருடையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெளிர் மஞ்சள் சேலை, நீலக் கரை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கம்ப்யூட்டரில் பார்த்தது, சுரைக்காய், துண்டு, வேகம், எல்லாம்.

"ம்மா, அவங்க பெரிய படிப்பு படிச்சவங்க. ஒனக்கு இன்னா தெரியும்?"

"எனக்குக் கோழி தெரியும்டி. அது கிழிச்சத நான் பார்த்தேன்."

"ரெண்டு வார்த்தைதானம்மா. சொல்லிட்டு வந்துடேன். இந்த வேல பூட்டுதுன்னா நான் திரும்பி இங்கதான் வரணும். இந்த நாத்தத்துல."

அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது. நானும் விடவில்லை. "இந்த நாத்தத்துல நீ உசுரோட இருப்பேடி," என்றேன். அவள் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விழா அன்று காலையில் இருப்பதிலேயே கெட்டியான ஒரு கோழியை அறுத்தேன். இறகைத் தொடவில்லை. தராசில் வைத்து எடை சரியாக இருக்கிறதா என்று பார்த்து, கூடையில் வாழை இலை போட்டு மூடி எடுத்துக்கொண்டு போனேன். பிரசாதம் என்று நினைத்துக் காவலாளி கும்பிட்டு விட்டுவிட்டான். ஏரி நிரம்பியிருந்த நேரம். வளாகத்துக்கு மேலே நாரைகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

பந்தலில் ஊர்ப் பெரியவர்கள், கம்பெனிக்காரர்கள், முன் வரிசையில் வெள்ளைச் சட்டையில் இரண்டு பைலட்கள். வாசலில் சுவேதா சந்தனத் தட்டோடு நின்றாள். என்னைப் பார்த்ததும் கூடையைப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போயிற்று. டெல்லி அதிகாரிதான் தலைமை விருந்தினர், சிரித்த முகத்தோடு வந்து உட்கார்ந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, அதனால் கடைசிவரை சந்தோஷமாகவே இருந்தார்.

ராஜ்மோகன் சாமி பேசினார். "ஆயிரம் கோழிகள் செய்ய முடியாததை ஒரு சுரைக்காய்... மன்னிக்கவும், ஒரு கூட்டு முயற்சி செய்திருக்கிறது. இந்த இறக்கை ஒரு தகடு அல்ல. இது ஒரு நம்பிக்கை. நம்பிக்கையைச் சந்தேகப்படுவது நம் மரபில் இல்லை." கைதட்டல். பிறகு என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள்.

மைக்கைப் பிடித்தேன்.

"வணக்கம். நான் ஆரோக்கியசெல்வி. பாகூர்ல கோழிக்கடை வச்சிருக்கேன். இறக்கை தாங்கிச்சுன்னு சொல்லச் சொன்னாங்க. தாங்கிச்சு, நானே பார்த்தேன். ஆனா தாங்கினது கோழிய இல்ல, சுரைக்காய. வேக வச்சு, நறுக்கி, மெதுவா அடிச்ச சுரைக்காய. என் கோழிய ஒரே ஒரு தடவதான் அடிச்சாங்க. அன்னிக்கி இறக்கை கிழிஞ்சி பூட்டுது."

தலைமை விருந்தினர் கைதட்டினார். ராஜ்மோகன் சாமி மைக்கை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். மைக் செத்தது. ஞாயிற்றுக்கிழமைக் கடைக் கூட்டத்தில் வரிசையின் கடைசியில் நிற்கிறவனைக் கூப்பிட்டுப் பழகிய குரல் எனக்கு, மைக்கே அதிகப்படி. கூடையைத் திறந்து கோழியைத் தூக்கிக் காட்டினேன்.

"தோ, ஒரிஜினல் கோழி. காலையில அறுத்தது. இத வச்சு அடிங்க. தாங்கிச்சுன்னா இதே மேடையில முட்டி போட்டு மன்னிப்பு கேக்கறேன்."

ராஜ்மோகன் சாமி கழுத்து மாலையைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, நான் மாலை போட்டிருக்கேன். இது எப்பேர்ப்பட்ட மாசம்னு உங்களுக்குத் தெரியாதா?"

"நீங்க போட்டிருக்கீங்க சாமி. ஏரியில கொக்கு போட்டிருக்குதா?"

பந்தலில் சிரிப்பு கிளம்பியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"விரதத்த நான் குத்தம் சொல்லல சாமி. நானும் இருக்கறவதான். அது நம்ம வயித்துக்கு. இறக்கைக்கு இன்னாத்துக்கு விரதம்? மார்கழியில நாரை வந்து மோதுச்சுன்னா, இரு, நான் சைவம்னு சொல்லுமா அந்தத் தகடு?"

அவர் கிட்டே வந்தார். குரல் தாழ்ந்தது. "உங்க பொண்ணு அங்கதான் நிக்குது. நாளைக்கு அந்த வேலை இருக்காது. கீழ இறங்குங்க."

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். வாசல் பக்கம் திரும்பினேன். சுவேதா சந்தனத் தட்டை நாற்காலி மேல் வைத்துவிட்டு நேராக மேடைக்கு நடந்து வந்துகொண்டிருந்தாள், மூலக்குளத்தில் சொல்லிக்கொடுத்த அதே நடை.

"சார், அதுல நிக்கப்போறது நீங்க இல்ல. நான்," என்றாள். "எனக்குத் தெரிஞ்சாவணும்."

என் கையிலிருந்த கோழியை வாங்கினாள். காலைப் பிடித்துத் தொங்கவிட்டு, இத்தனை வருஷம் மூக்கைப் பொத்திக்கொண்டு போன பெண், தேய்த்து வைத்த சேலையில் ரத்தம் சொட்டச் சொட்டப் பீரங்கிப் பக்கம் போனாள். நுரைக் கிண்ணத்தில் அடுக்கியிருந்த சுரைக்காய்த் துண்டுகளைக் கீழே கொட்டினாள். கோழியை வைத்தாள். பாக்யராஜைப் பார்த்தாள். அவன் என்னைப் பார்த்தான், சாமியைப் பார்த்தான். பிறகு முகக்கவசத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, காற்றழுத்தச் சக்கரத்தை முழுக்கத் திருப்பினான்.

"யாரும் அமுக்கக் கூடாது! யாரும் அமுக்கக் கூடாது!" என்று கத்தினார் ராஜ்மோகன் சாமி. தமிழில் கத்தினார். தலைமை விருந்தினர் தன்னைத்தான் அழைக்கிறார்கள் என்று எழுந்து, ரிப்பன் கட்டிய பொத்தானைச் சந்தோஷமாக அமுக்கினார்.

அந்தச் சத்தத்தில் ஏரிப் பறவைகள் மொத்தமும் எழும்பின. இறகுத் தூசி அடங்கியபோது இறக்கையில் ஒரு ஆள் தலையை விடுகிற அளவுக்கு ஓட்டை. ஓரத்தில் பிரியதர்ஷினி தன் கம்ப்யூட்டரைத் தட்டினாள். பந்தலின் பெரிய திரையில் சுரைக்காய்ப் படம் போய்க் கோழிப் படம் வந்தது. இறக்கையில் எங்கே கிழிந்திருந்ததோ அங்கேதான் படத்திலும் கிழிந்திருந்தது. பைலட்கள் இரண்டு பேரும் எழுந்து, நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளிவிட்டு வெளியே போனார்கள்.

ராஜ்மோகன் சாமியை நான் அந்த ஒரு விஷயத்துக்காகப் பாராட்டுகிறேன், மனிதர் அசரவில்லை. மைக்கை மறுபடி போடச் சொன்னார். "இறக்கை உடைந்தது என்று சிலர் நினைக்கலாம்," என்றார். "உடையவில்லை. வந்த விருந்தாளிக்கு வழி விட்டது. கதவைத் திறந்து வரவேற்பதுதான் நம் பண்பாடு. வெளிநாட்டு இறக்கைகள் பறவையை மோதி விரட்டுகின்றன. நம் இறக்கை உள்ளே அழைக்கிறது." மொழிபெயர்த்துச் சொன்னதும் தலைமை விருந்தினர் எழுந்து நின்று கைதட்டினார். அவர் சால்வை மேல் என் கோழியின் இறகு ஒட்டியிருந்தது.

ஆனால் பைலட் இல்லாமல் பண்பாடு பறக்காது. கம்பெனி இறக்கையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போயிற்று, தகட்டை மாற்றுவதற்காம். சுவேதாவின் வேலை போயிற்று. அன்று அவள் வீட்டுக்கு வந்ததும் குழாயடியில் உட்கார்ந்து சேலையைத் துவைத்தாள். கறை போகவில்லை. நான் பக்கத்தில் போய்த் தயங்கித் தோளில் கை வைத்தேன். ஒதுங்கவில்லை. "கைய எடுக்காதம்மா," என்றாள். நான் அழுதுவிட்டேன். இப்போது வேறு கம்பெனிகளுக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். அதுவரை ஞாயிற்றுக்கிழமை கடையில் நிற்கிறாள். வாடிக்கைக்காரர்களிடம் தட்டை நீட்டுகிற மாதிரிக் கறிப்பையை நீட்டுகிறாள், சனங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

கோழி ஆபீசிலிருந்து எனக்கு மெமோ வந்தது. தங்களால் வழங்கப்பட்ட பறவை, அரசுச் சொத்தான இறக்கையைச் சேதப்படுத்தியதற்கான விளக்கத்தை உடனே எழுத்துமூலம் அளிக்கவும். நான் எழுதவில்லை. ஏப்ரனோடு நேராகப் போனேன். ராஜ்மோகன் சார் மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றியிருந்தார். மேசை மேல் டிபன் கேரியர் திறந்திருந்தது. சிக்கன் வறுவல் வாசனை, அது எந்தக் கடைக் கோழி என்று கூட எனக்குத் தெரியும். குழந்தைவேல் மெமோவை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார்.

"படிக்க வேணாம் சார், எனக்குத் தெரியும்," என்றேன். "என் கோழி செத்தப்புறம்கூட உண்மையச் சொல்லிச்சு. உசுரோட இருக்கறவங்க இங்க இத்தினி பேரு இருக்கீங்க. நீங்க ஒரு தடவ சொல்லுங்க. அப்புறம் என் கோழிகிட்ட விளக்கம் கேளுங்க."

ராஜ்மோகன் சார் கையில் எடுத்த துண்டை மெதுவாகக் கேரியருக்குள்ளேயே வைத்தார். நான் கடைக்குக் கிளம்பினேன், அங்கே என் பெண் தனியாக நிற்கிறாள்.